விண்டோஸ் 11 ஏற்றிய பிறகு பிரவுசர் இழுக்கிறதா? எங்கே பார்ப்பது, எதைத் தொடுவது

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. அதையொட்டி இங்கே கேரள-தமிழ்நாடு எல்லையில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் கடை, வீடு, டியூஷன் சென்டர் என்று பார்க்காமல் பழைய லேப்டாப்புகளில் 11 ஏறியது. ஏற்றிய மறுநாள் வருகிற புகாரும் பெரும்பாலும் ஒன்றுதான்: "முன்னாடி நல்லாத்தானுங்க ஓடிட்டிருந்துச்சு. இப்ப குரோமைத் தொறந்தா சுத்திக்கிட்டே இருக்குதுங்க."

கம்ப்யூட்டரில் நாம் செய்யும் வேலையில் பெரும்பகுதி பிரவுசருக்குள்தான் நடக்கிறது. அதனால் மெஷினில் எது மந்தமானாலும் முதலில் அங்கேதான் தெரியும். பழியும் அதன்மேல்தான் விழும். பலர் உடனே குரோமை நீக்கிவிட்டு மறுபடி போடுகிறார்கள். இல்லையென்றால் யாரோ சொன்ன 'பிசி க்ளீனர்', 'ஸ்பீடு பூஸ்டர்' எதையாவது இறக்குகிறார்கள். முதலாவது அநேகமாக வீண் வேலை. இரண்டாவது, இருக்கிற நோயோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வது. எங்கே இழுக்கிறது என்று தெரிந்த பிறகு கை வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் ஒன்றிரண்டு நாள்

புது விண்டோஸ் ஏறியதும் திரையில் 'வெல்கம்' வந்துவிட்டதால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. பின்னால் நிறைய நடக்கும். தேடல் வசதிக்காக உங்கள் கோப்புகளையெல்லாம் அது புதிதாகப் பட்டியல் போடும். விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர், டிஸ்க் முழுவதையும் அலசும். மைக்ரோசாஃப்டின் நெட் சேமிப்பு வசதியான ஒன்டிரைவ், எதை மேலே ஏற்றலாம் என்று பார்க்கும். விடுபட்ட டிரைவர்களும் (திரை, வைஃபை போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்) அப்டேட்டுகளும் இறங்கும். அந்த நேரத்தில் பிரவுசர் இழுத்தால் அது கோளாறு இல்லை, நெரிசல்.

செய்ய வேண்டியது எளிது. சார்ஜரைச் செருகி, மூடியை மூடாமல், நெட் இணைப்போடு சில மணி நேரம் சும்மா விட்டுவிடுங்கள். மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடும். வேலை அப்படியே நிற்கும். தினமும் அரை மணி நேரம் மட்டும் திறந்து மூடுகிறவர்களுக்கு இந்த நெரிசல் வாரக்கணக்கில் தீராமல் இருப்பது இதனால்தான்.

அப்புறம் ஒரு தடவை 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' கொடுத்துவிட்டு ஆன் செய்வது அதற்கு ஈடாகாது. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. அது ஆன் ஆக இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் ஒரு பகுதியை அப்படியே டிஸ்கில் சேமித்து, மறுநாள் அதையே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

நெட்டா, மெஷினா, பிரவுசரா?

இரண்டு நாளாகியும் அப்படியே இருந்தால் இந்தச் சோதனைக்கு வாருங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது, பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

முதலில், அதே வைஃபையில் இருக்கும் ஒரு போனில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். போனிலும் சுற்றினால் லேப்டாப்பை விட்டுவிடுங்கள். பிரச்சினை நெட்டில், அல்லது அந்தத் தளத்திலேயே. மே மாதத்தில் கேரள எஸ்எஸ்எல்சி முடிவும் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு முடிவும் வரும் நாட்களில் எந்தப் புது லேப்டாப்பிலும் அந்தத் தளங்கள் திறக்கத் திணறும். அதற்காகப் பிரவுசரை நோண்ட வேண்டாம்.

போனில் உடனே திறக்கிறது, லேப்டாப்பில்தான் இழுக்கிறது என்றால், வேறொரு பிரவுசரில் பாருங்கள். விண்டோஸோடு எட்ஜ் எப்படியும் இருக்கும். எட்ஜில் நன்றாக ஓடி குரோமில் மட்டும் இழுத்தால், கோளாறு குரோமுக்குள். இரண்டிலும் இழுத்தால் மெஷினில்.

மெஷின்தான் என்று தோன்றினால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று தலைப்புகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சதவீதம் காட்டும். பிரவுசரில் நாலைந்து டேப் திறந்து வைத்துக்கொண்டு அந்த எண்களைக் கவனியுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்கிறதா? மெமரி 90-ஐத் தாண்டி நிற்கிறதா? சிபியுவை எது தின்கிறது? தலைப்பின் மேல் ஒரு தடவை தட்டினால் அதிகம் எடுப்பது மேலே வரும். 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்றால் டிஃபெண்டர். 'சர்ச் இண்டெக்ஸர்' என்றால் அந்தப் பட்டியல் போடும் வேலை. 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' என்றால் அப்டேட். மூன்றும் விண்டோஸின் சொந்த ஆட்கள்தான். 'எண்ட் டாஸ்க்' கொடுத்து விரட்ட வேண்டாம், வேலையை முடித்துக்கொண்டு தானாகப் போய்விடும்.

இந்த எண்களைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னால் உதவும்.

ஹாட்ஸ்பாட்காரர்கள் கவனத்துக்கு

எல்லைப் பக்கம் தோப்புக்குள் வீடு இருப்பவர்களுக்கு ஃபைபர் லைன் எளிதில் வந்துவிடுவதில்லை. போன் ஹாட்ஸ்பாட்தான் நெட். இவர்களுக்கு விண்டோஸ் மாற்றிய பிறகு வரும் வேகக் குறைவு அநேகமாக வேறு ரகம். காலையில் நன்றாக இருக்கும், பத்து மணிக்கு மேல் செத்துவிடும்.

காரணம் டேட்டா. நாளுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று இருக்கும் பிளான்களில் அளவு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதில் இன்றைய வலைப்பக்கம் எதுவும் ஒழுங்காகத் திறக்காது. வழக்கமாக சாயங்காலம் வரை வரும் டேட்டாவைப் புது விண்டோஸ் காலையிலேயே அப்டேட்டுக்குக் குடித்துவிடுகிறது. பிரவுசர் பாவம், மிச்சத்தில் ஓடுகிறது.

இதற்கு வழி: செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' போய், இணைத்திருக்கும் வைஃபையின் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். இது அளவு உள்ள நெட் என்று விண்டோஸுக்குச் சொல்லிவிடுகிறீர்கள். பெரிய இறக்கங்களை அது அடக்கி வைக்கும். முன்பு பழைய விண்டோஸில் இதைப் போட்டிருந்தேன் என்று நினைத்து விட்டுவிடாமல், இப்போது ஆன் ஆகத்தான் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். அடுத்து 'விண்டோஸ் அப்டேட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்று உள்ளே போனால், மற்ற கம்ப்யூட்டர்களோடு அப்டேட்டைப் பகிர்ந்துகொள்ளும் அனுமதி இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். நம் டேட்டாவில் ஊருக்கு அப்டேட் விநியோகம் செய்ய வேண்டியதில்லை. எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்று பார்க்க 'டேட்டா யூஸேஜ்' பக்கம் இருக்கிறது.

ஒரேயடியாக அப்டேட்டைத் தடுத்தும் வைக்காதீர்கள். வாரம் ஒரு முறை லேப்டாப்பை ஃபைபர் இருக்கிற வீட்டுக்கோ கடைக்கோ கொண்டுபோய் அங்கே இறக்கிக்கொண்டால் போதும்.

இன்னொன்று எல்லையில் இருப்பவர்களுக்கு மட்டும் புரியும். வீட்டின் முன்பக்கம் ஒரு மாநிலத்து டவர், கொல்லைப்புறம் இன்னொரு மாநிலத்து டவர். போன் இரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டே இருந்தால், தாவும் ஒவ்வொரு தடவையும் நெட் சில நொடி நிற்கும். பிரவுசரில் பக்கம் பாதியில் தொங்கும், வீடியோ கால் அறுந்து போகும். போன் செட்டிங்ஸில் நெட்வொர்க் ஆபரேட்டரைத் தானியங்கியிலிருந்து மாற்றி, சிக்னல் வலுவாக இருக்கும் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். வெளியூர் போகும்போது மறக்காமல் தானியங்கிக்குத் திருப்பிவிட வேண்டும், இல்லையென்றால் சிக்னலே கிடைக்காது. போனை மேஜையில் ஒரே இடத்தில் வைத்து, யுஎஸ்பி கேபிள் வழியே அதன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுப்பதும் (டெதரிங்) ஹாட்ஸ்பாட்டைவிட நிதானமாக ஓடும்.

மெஷின் பக்கம்: டிரைவர்தான் முதல் சந்தேகம்

பக்கத்தை மேலும் கீழும் தள்ளும்போது வெட்டி வெட்டி வருகிறது, வீடியோ திக்குகிறது, ஆனால் நெட் வேகம் நன்றாக இருக்கிறது என்றால், டிஸ்ப்ளே டிரைவரைப் பாருங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்து 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதை விரியுங்கள். அங்கே இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று பெயர் இருக்க வேண்டும். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். உண்மையான டிரைவர் ஏறவில்லை என்று பொருள். கிராஃபிக்ஸ் சிப் செய்ய வேண்டிய வேலையெல்லாம் சிபியுவின் தலையில் விழுந்து, அது மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

டிரைவரை இரண்டு இடத்திலிருந்து மட்டும் எடுங்கள். ஒன்று, விண்டோஸ் அப்டேட்டின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே இருக்கும் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்'. மற்றது, லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளம்; லேப்டாப்பின் அடியில் இருக்கும் மாடல் எண்ணைக் கொடுத்தால் உங்கள் மெஷினுக்கு உரியதைக் காட்டும். தேடினால் முதலில் கண்ணில் படும் 'இலவச டிரைவர் அப்டேட்டர்'களை இறக்கவே வேண்டாம். வைஃபை அடாப்டரின் டிரைவரையும் இதே கையோடு பார்த்துவிடுங்கள். போனில் வேகமாகவும் லேப்டாப்பில் எல்லா பிரவுசரிலும் மந்தமாகவும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

டிரைவர் சரியாக இருந்தும் திரை வெட்டினால், குரோமில் செட்டிங்ஸ், 'சிஸ்டம்' போய் 'யூஸ் கிராஃபிக்ஸ் ஆக்ஸலரேஷன் வென் அவைலபிள்' என்பதை ஆஃப் செய்து, பிரவுசரை மூடித் திறந்து பாருங்கள். சில பழைய சிப்புகளில் இதை ஆஃப் செய்தால்தான் ஒழுங்காக ஓடும். மாற்றம் தெரியவில்லையென்றால் மறுபடி ஆன் செய்துவிடுங்கள்.

ஆன்டிவைரஸ் இரண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய விண்டோஸில் போட்ட, சந்தா தீர்ந்துபோன ஒன்று அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அவற்றில் பல, பிரவுசருக்குள் வரும் ஒவ்வொரு பக்கத்தையும் இடைமறித்து சோதிக்கும். காசு கட்டி வைத்திருப்பது என்றால் அதை அப்டேட் செய்யுங்கள். இல்லையென்றால் முறையாக அன்இன்ஸ்டால் செய்துவிட்டு டிஃபெண்டரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு உபயோகத்துக்கு அது தாராளம்.

பவர் மோடு 'பெஸ்ட் பவர் எஃபிஷியன்ஸி'யில் நிற்கிறதா என்று செட்டிங்ஸில் ஒரு பார்வை. ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பட்டியலில் தேவையில்லாததை ஆஃப் செய்வது இன்னொன்று. இவ்வளவுதான்.

பிரவுசருக்குள்

கோளாறு ஒரு பிரவுசரில் மட்டும் என்று தெரிந்தவர்கள் நேரே இங்கே வரலாம். குரோமில் புரொஃபைல் படத்தைத் தட்டி 'கெஸ்ட்' ஜன்னல் திறந்து அதே தளத்தைப் பாருங்கள். பிரவுசரோடு நீங்கள் கூடுதலாகச் சேர்த்த சின்னச் சின்ன நிரல்கள், அதாவது எக்ஸ்டென்ஷன்கள், எதுவும் அதில் இருக்காது. கெஸ்டில் பறக்கிறது, உங்கள் ஜன்னலில் தவழ்கிறது என்றால், எக்ஸ்டென்ஷன்தான் என்று பாதிக்கு மேல் நம்பலாம். எல்லாவற்றையும் ஆஃப் செய்து, ஒன்றொன்றாக ஆன் செய்து வாருங்கள். கூப்பன் தருவது, வீடியோ இறக்குவது, பிடிஎஃப் மாற்றுவது போன்ற பெயருள்ளவற்றைச் சோதிக்கக்கூட வேண்டாம், எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. ஃபயர்ஃபாக்ஸில் இதே சோதனைக்கு 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபிள்ஷூட் மோடு' இருக்கிறது.

எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று பார்க்க குரோமுக்குள்ளேயே தனியாக ஒரு டாஸ்க் மேனேஜர் உண்டு. மூன்று புள்ளி மெனுவில் 'மோர் டூல்ஸ்' கீழே கிடைக்கும். ராம் (மெமரி) குறைவாக உள்ளவர்கள் செட்டிங்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' போய் 'மெமரி சேவர்' ஆன் செய்யுங்கள். பார்க்காமல் விட்ட டேப்களை அது தூங்க வைக்கும். எட்ஜில் இதற்கு 'ஸ்லீப்பிங் டேப்ஸ்' என்று பெயர்.

'கேஷ் அழி, வேகமாகும்' என்று எல்லோரும் சொல்வார்கள். திறந்த பக்கங்களின் படங்களையும் கோப்புகளையும் பிரவுசர் சேமித்து வைப்பதுதான் கேஷ். அதை அழிப்பது அவ்வளவு பெரிய மருந்து இல்லை. அழித்ததும் எல்லாப் படங்களும் மறுபடி இறங்க வேண்டும் என்பதால் முதலில் இன்னும் மெதுவாகத்தான் இருக்கும். ஒரு தளம் மட்டும் உடைந்து தெரிந்தால் செய்து பார்க்கலாம். அப்போதும் 'கேஷ்டு இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்' என்பதை மட்டும் டிக் செய்யுங்கள். பாஸ்வேர்டு வரிசையில் டிக் விழுந்துவிட்டால், சேமித்து வைத்தது அத்தனையும் போகும்.

கடைசி ஆயுதம் ரீசெட். குரோமின் 'ரீசெட் செட்டிங்ஸ்' புக்மார்க்கையும் பாஸ்வேர்டையும் தொடாது. எக்ஸ்டென்ஷன்களை முடக்கி, அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். ஃபயர்ஃபாக்ஸில் 'ரெஃப்ரெஷ்' என்பார்கள். அது எக்ஸ்டென்ஷன்களை நீக்கியே விடும், பழைய தகவலை டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்கும்.

தளம் வேகமாகத் திறக்கிறது, ஆனால் தமிழில் டைப் செய்யும்போது மட்டும் எழுத்து தாமதமாக விழுகிறது என்றால், அது பழைய விண்டோஸ் காலத்தில் போட்ட தமிழ் டைப்பிங் மென்பொருளாக இருக்கலாம். அதை மூடிவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துப் பாருங்கள். மலையாளத்துக்கும் அங்கேயே இருக்கிறது.

அரசு வேலைக்காக இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் ஓடும் பழைய தளம் எதையாவது நம்பியிருப்பவர்கள் வேறு வழி தேட வேண்டும். எக்ஸ்புளோரரை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-இல் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. விண்டோஸ் 11-இல் அது கிடையாது. எட்ஜ் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் பிரவுசர்' பகுதியில் ஐஇ மோடை (எக்ஸ்புளோரர் போல நடந்துகொள்ளும் வசதி) அனுமதித்து, அந்தத் தளத்தை மட்டும் அதில் திறக்க வேண்டும்.

எதுவும் பலிக்காத மெஷின்கள்

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம் போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது உண்மை. ஏறும், ஓடும். ஆனால் அதற்கு மேல் பிரவுசரைத் திறந்தால் மூச்சு முட்டும். டாஸ்க் மேனேஜரில் மெமரி எப்போதும் 90-க்கு மேல் என்றால் செட்டிங்ஸில் தேடிப் பயனில்லை, ராமை 8 ஆக்குங்கள். டிஸ்க் எப்போதும் 100 என்றால் உள்ளே இருப்பது அநேகமாகப் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் பெயருக்குக் கீழே எச்டிடி (சுழலும் டிஸ்க்) அல்லது எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) என்று எழுதியிருக்கும். எச்டிடியை மாற்றி ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கிற வேகம், மேலே சொன்ன எல்லா மாற்றமும் சேர்ந்தாலும் கிடைக்காது. காசு இரண்டில் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், முதலில் எஸ்எஸ்டி.

சி டிரைவ் நிரம்பி வழிந்தாலும் இழுக்கும். 15, 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். இடத்துக்காக 'டெம்ப்பரரி ஃபைல்ஸ்' பகுதியில் 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்பதை அழிக்கும் முன் யோசியுங்கள். பழைய விண்டோஸுக்குத் திரும்பிப் போக உதவுவது அதுதான். மாற்றிய 10 நாளுக்குள் செட்டிங்ஸ், 'சிஸ்டம்', 'ரெகவரி' உள்ளே 'கோ பேக்' கொடுத்தால் விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். அதற்கு மேல் விண்டோஸே அதை அழித்துவிடும். திரும்பினாலும், கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால்தான் பாதுகாப்பு அப்டேட் வரும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்தத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை என்றுதான் அறிவித்தார்கள். ஆகவே திரும்புவது டிரைவர் கிடைக்காத மெஷினுக்கான தற்காலிக ஏற்பாடு மட்டும்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேரளப் பள்ளிகளில் கைட் நிறுவனம் தரும், உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட சிஸ்டத்தில் படித்த பிள்ளைகள் வீட்டிலும் உபுண்டு வைத்திருப்பது இங்கே சகஜம். உபுண்டு 22.04-இலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் 'ஸ்நாப்' என்ற தனிப் பொட்டல வடிவில்தான் வருகிறது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதல் தடவை திறக்க நேரமாகும், அடுத்த தடவை சரியாகிவிடும். அது கோளாறில்லை. ஆனால் பதிப்பு மாற்றும்போது, மென்பொருள் இறங்கும் வெளி மூலங்களை உபுண்டு முடக்கிவிடும் என்பதால், தனியாகப் போட்ட குரோம் அப்டேட் ஆகாமல் நின்றிருக்கும். 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' திறந்து அதை மறுபடி டிக் செய்ய வேண்டும். ஆப்பிளின் மேக்கில் என்றால் ஸ்பாட்லைட் தேடல் வசதி பட்டியல் போட்டு முடிக்கும்வரை பொறுத்திருப்பதுதான் முதல் வேலை.

கோவைக்கோ பாலக்காட்டுக்கோ ரிப்பேருக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால், மாடல் எண், ராம் அளவு, டிஸ்க் வகை, நீங்கள் எடுத்து வைத்த டாஸ்க் மேனேஜர் படம், எந்தப் பிரவுசரில் எப்படி இழுக்கிறது என்ற விவரம் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால், "ஃபார்மட் பண்ணிடலாம்ணா" என்பதுதான் முதல் பதிலாக வரும். கொடுக்கும் முன் புக்மார்க்கை எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, பிரவுசரிலும் வங்கிக் கணக்கிலும் சைன் அவுட் செய்துவிடுங்கள். பிரவுசரில் சேமித்த வங்கிப் பாஸ்வேர்டு ஏதாவது இருந்தால் அதையும் நீக்கிவிட்டுக் கொடுங்கள்.